வடைக்கடையில் வாங்கிய ரிப்பேர் புத்தகம்

வண்டி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, உங்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எந்த வண்டியின் பிஸ்டனுக்கு எவ்வளவு சந்து விட வேண்டும், எந்தத் திருகை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று கேட்டால், கைபேசியை இரண்டு தட்டுத் தட்டிச் சொல்லிவிடுகிறீர்கள். அதே சமாச்சாரத்துக்காக நான் இரண்டு வருடம் நாயாக அலைந்தேன். அலைந்து வாங்கிய பிறகு, அதை வைத்துக்கொண்டு நான் செய்த காரியம் ஒன்று உண்டு. அதைத்தான் எழுதப்போகிறேன். ரிப்பேர் செய்யும் விதத்தை வேறு யாரிடமாவது கற்றுக்கொள்ளுங்கள். பொறாமையைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் இந்தத் தொழிலில் கிடையாது.

அறுபதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டையில் பந்தல்குடி ரோட்டில் எனக்கு மோட்டார் சைக்கிள் ரிப்பேர் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. சுற்று வட்டாரத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மல்லாங்கிணற்றில் ஒரு பருத்தி வியாபாரி, திருச்சுழியில் ஒரு வாத்தியார், நரிக்குடியில் ஒரு மாட்டு டாக்டர், இப்படி. எல்லோரும் என்னிடம்தான் வந்தாக வேண்டும். நான் கொஞ்சம் தெனாவெட்டாகவே இருந்தேன். வந்தவர்களை வேண்டுமென்றே அரை நாள் காக்க வைத்ததும் உண்டு.

அப்போதுதான் அருளப்பன் வந்தான். என்னைவிட நாலு வயது இளையவன். வேதக்கோயிலில் ஞாயிற்றுக்கிழமை ஆர்மோனியம் வாசிப்பவன். என் கடைக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், முப்பது எட்டு வைத்தால் போய்விடும் தூரத்தில் கடை போட்டான். முதல் நாளே என்னிடம் வந்து, "அண்ணாச்சி, ஒங்களுக்கு எதுத்தாப்புல கடை போடுறேன்னு கோவிச்சுக்கிடாதீக. இந்த ரோட்ல வேற எடம் கெடைக்கல" என்றான். நானும் சிரித்துக்கொண்டே, "அதுக்கென்ன தம்பி, ரெண்டு கடை இருந்தாத்தான் வேவாரம்" என்றேன். சிரித்தது வாய் மட்டும்தான்.

அவனுக்குக் காது அப்படி. வண்டி அரை மைல் தள்ளி வரும்போதே, அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். வண்டியை நிறுத்தச் சொல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். பிறகு ஒரே ஒரு இடத்தைத் திறப்பான். நான் மூன்று இடத்தைத் திறந்து பார்த்துக் கண்டுபிடிப்பதை அவன் ஒரு இடத்தில் முடித்துவிடுவான். ஒரு வருடத்துக்குள் என்னுடைய ஆட்கள் ஒவ்வொருவராக ரோட்டைத் தாண்டினார்கள். கடைசியாகத் தாண்டியவர் மாட்டு டாக்டர்.

அவர் போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நான் கடை திறந்த அன்று வந்த முதல் வண்டி அவருடையது. இரண்டு பக்கமும் சைலன்சர் இருப்பதால் அந்த வண்டியை எங்கள் ஊரில் ரெட்டைக்குழாய் என்போம். ஐந்து வருடம் அதன் ஒவ்வொரு திருகிலும் என் கை பட்டது. ஒருநாள் காலையில் நிமிர்ந்து பார்க்கிறேன், அது எதிர்க்கடையில் நிற்கிறது. டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருக்கிறார். என்னைப் பார்த்துக் கையை வேறு ஆட்டினார். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த நாளில்தான் எனக்குப் புத்தக ஆசை பிடித்தது. ஒவ்வொரு வண்டிக்கும் அதைச் செய்த கம்பெனியே ஒரு ரிப்பேர் புத்தகம் போட்டிருக்கிறது, அதில் எல்லா அளவும் அச்சடித்திருக்கிறது என்று மதுரையில் யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். நாங்கள் எல்லோரும் கையனுபவத்தில் ஓட்டியவர்கள்தான், அருளப்பன் உட்பட. காது அவனிடம் இருக்கட்டும், கம்பெனிக்காரனே எழுதிய எழுத்து என்னிடம் இருக்கட்டும் என்று நினைத்தேன். வித்தை வளர வேண்டும் என்ற நல்லெண்ணம் ஒன்றும் எனக்கு இல்லை. அவன் முகத்தில் கரியைப் பூச வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் டைப் அடிப்பவரைப் பிடித்து, கம்பெனிக்கு இங்கிலீஷில் கடிதம் போட்டேன். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. விற்பனை ஏஜெண்டுகளுக்கு மட்டுமே புத்தகம் தரப்படும் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். மதுரைக்குப் போய் ஏஜெண்டைப் பார்த்தேன். கண்ணாடி பீரோவுக்குள் புத்தகம் சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது. "ஒருவாட்டி தொட்டுப் பாத்துக்கிறேன் சார்" என்றேன். பீரோ சாவி முதலாளியிடம் இருக்கிறது, முதலாளி மெட்ராஸில் இருக்கிறார் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு நாலு தடவை போனேன். நாலு தடவையும் முதலாளி மெட்ராஸில்தான் இருந்தார். பழைய புத்தகக் கடைகளில் தேடித் தேடி, என் கைக்குத் தூசி ஒவ்வாமல் போனதுதான் மிச்சம்.

கடைசியில் அது கிடைத்த இடம் பந்தல்குடி வடைக்கடை. ஒரு லாரி டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, என்னிடம் ஸ்பேனர் கேட்க வந்தார். வாயில் வடை, கையில் பொட்டலம். பொட்டலத் தாளில் பிஸ்டன் படம். எண்ணெய் ஊறி, படத்தின் கோடுகள் பளிச்சென்று தெரிந்தன. அவர் கையிலிருந்து வடையைத் தட்டிப் பறிக்காத குறையாகத் தாளை வாங்கினேன். ரெட்டைக்குழாயின் பிஸ்டனேதான். எங்கே வாங்கியது என்று கேட்டுக்கொண்டு, சைக்கிளை எடுத்தேன்.

வடைக்கடை அக்கா அப்போதுதான் அடுத்த தாளைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, கிழிக்காதீக! அந்தப் புஸ்தகத்த எனக்குக் குடுத்துருங்க."

"எடைக்கு எடுத்த பேப்பருப்பா இது. யாரோ ஆபீசரு ஊரு மாறிப் போகையில போட்டுட்டுப் போனது. ஒனக்கு எதுக்கு?"

"படம் நல்லாருக்கு. சும்மா பாக்கலாம்னு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சும்மா பாக்கவா இந்த வெயில்ல நாக்குத் தள்ள சைக்கிள மிதிச்சுட்டு வந்த? இதக் குடுத்துட்டு நான் வடைய எதுல மடிப்பேன்? இதே எடைக்கு வேற பேப்பர் கொண்டா. மேக்கொண்டு அஞ்சு ரூவாயும் வையி."

பேரம் பேசப் பேச அவர் கிழித்துக்கொண்டே இருந்தார். வாடிக்கைக்காரர்கள் நிற்கிறார்கள், என்ன செய்ய முடியும். எங்கள் அப்பாவுக்கு டவுனில் ஜவுளிக் கடை. திரும்ப மிதித்துப் போய், அங்கே பொட்டலம் கட்ட வைத்திருந்த தாளில் இரண்டு கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அதற்குள் இன்னும் நாலு பக்கம் வடையோடு போய்விட்டது. அட்டையில்லாமல், முதல் இருபது பக்கம் இல்லாமல், எண்ணெய்ப் பிசுக்கோடு அந்தப் புத்தகம் என் கைக்கு வந்தது. அளவுகள் இருந்த பக்கங்கள் தப்பித்திருந்தன. வரும் வழியில் இரண்டு தடவை சைக்கிளை நிறுத்தி, சட்டைக்குள் அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

எனக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத்தான் தெரியும். என் மனைவி கமலம் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தவள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் வாசித்துச் சொல்ல, நான் எழுதிக்கொண்டேன். ஒரு மாதத்தில் வேண்டிய அளவெல்லாம் கைக்கு வந்துவிட்டது. அந்த ஒரு மாதமும் நான் ராஜா.

புத்தகம் கிடைத்த சேதி ஊரில் பரவியது. பரப்பியவனே நான்தான். அருளப்பன் ரோட்டைத் தாண்டி வந்தான். கண்ணில் அப்படி ஓர் ஆசை. "அண்ணாச்சி, புஸ்தகம் ஆப்டுருச்சாமே? ஒருவாட்டி பாக்கலாமா?" என்றான்.

"பைண்டிங்குக்குக் குடுத்துருக்கேன் தம்பி. வரட்டும்" என்றேன். புத்தகம் நான் உட்கார்ந்திருந்த பெட்டிக்குள்தான் இருந்தது. பிறகும் இரண்டு தடவை கேட்டான். பைண்டிங் முடியவே இல்லை.

அதோடு விட்டிருந்தால் நான் வெறும் கஞ்சன் என்றாவது பெயர் எடுத்திருப்பேன். எனக்குப் பெருமையும் வேண்டியிருந்தது. வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று கடைச் சுவரில் கறுப்பு பெயிண்ட் அடித்து, ரெட்டைக்குழாயின் அளவுகளையெல்லாம் வெள்ளையில் வரிசையாக எழுதினேன். ஆனால் அருளப்பனும் பார்ப்பானே? அதற்கு எங்கள் வீட்டுத் தந்திரம் ஒன்று கைகொடுத்தது. எங்கள் அப்பா துணியில் தொங்கும் சீட்டில் கொள்முதல் விலையை எழுதி வைப்பார். ஆனால் உள்ள விலையை எழுத மாட்டார். ஒரு கணக்கு வைத்துக் கூட்டியோ குறைத்தோ எழுதுவார். கடைக்காரருக்குப் புரியும், வாங்க வருபவருக்குப் புரியாது. வியாபாரக் குடும்பங்களில் இது வழக்கம்தான். நானும் ஒவ்வோர் அளவிலும் இரண்டைக் குறைத்துச் சுவரில் எழுதினேன். வேலை செய்யும்போது மனதுக்குள் இரண்டைக் கூட்டிக்கொள்வேன்.

கமலம் சுவரைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "என்னங்க, எல்லாம் ரெண்டு ரெண்டு கொறச்சலா இருக்கு?"

"அது அப்படித்தான். நமக்குத் தெரியும்ல?"

"மாமா துணிச் சீட்டுல எழுதுறது வெலைங்க. யாரும் தப்பாப் படிச்சா காசோட போயிரும். இது வண்டிங்க" என்றாள். அவளுக்குத் தொழில் தெரியாது என்று சொல்லி வாயை அடைத்தேன்.

இதெல்லாம் நடந்து இரண்டு மாதத்தில் டாக்டரின் ரெட்டைக்குழாய் மக்கர் செய்தது. தூரம் ஓடினால் இன்ஜின் இறுகிக்கொண்டது. அருளப்பன் அதைப் பிரித்து, புதுப் பிஸ்டன் வாங்கி, சிலிண்டரை மதுரை லேத்துக்கு அனுப்பிக் கடையக் கொடுக்க வேண்டிய நிலை. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே எவ்வளவு சந்து விட வேண்டும் என்று லேத்துக்காரருக்குச் சொல்லியாக வேண்டும். ஒரு இன்ச்சை ஆயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கை எங்கள் தொழிலில் தௌ என்போம். அந்தக் கணக்கில்தான் சொல்ல வேண்டும். அருளப்பன் என்னிடம் வந்தான்.

"அண்ணாச்சி, டாக்டர் வண்டிக்குப் பிஸ்டன் சந்து எத்தன தௌன்னு புஸ்தகத்துல போட்டுருக்கும்ல? அத மட்டும் சொல்லுங்க. ஏற்கனவே ரெண்டுவாட்டி இறுகிப் பிடிச்ச வண்டி. குத்துமதிப்பாச் செய்யப் பயமாருக்கு."

தம்பிகளே, இந்த இடத்தில் எனக்கு மூன்று வழி இருந்தது. நாலு என்று உள்ளதைச் சொல்லியிருக்கலாம். சொல்ல மாட்டேன் போ என்று மூஞ்சியில் அடித்தாற்போல் சொல்லியிருக்கலாம். அதுகூடக் கௌரவம்தான். நான் மூன்றாவதைச் செய்தேன். கையில் இருந்த கார்புரேட்டரைவிட்டுத் தலையை நிமிர்த்தாமல், "அந்தா செவுத்துல எழுதிருக்கே தம்பி, பாத்துக்கிடுங்க" என்றேன். சுவரில் இரண்டு என்று இருந்தது. அவன் அதைச் சீட்டில் குறித்துக்கொண்டு, "ரொம்ப நன்றி அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பிஸ்டன் சூட்டில் பெருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். சந்து போதாவிட்டால், ஓடுகிற ஓட்டத்தில் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். பின்சக்கரம் பூட்டுப் போட்ட மாதிரி நின்றுவிடும். ஊருக்குள் மெதுவாக ஓட்டினால் ஒன்றும் ஆகாது. லாரிகள் பறக்கிற தூத்துக்குடி ரோட்டில் ஆனால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அப்போது என் மனதில் ஓடியது வேறு படம். டாக்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறார், அருளப்பன் தலையைத் தொங்கப் போட்டு நிற்கிறான், டாக்டர் ரோட்டைத் தாண்டி என் கடைக்கு வருகிறார். இதுவரைக்கும்தான் நான் யோசித்தேன். அதற்கு மேல் யோசிக்க எனக்கு இஷ்டமில்லை.

சிலிண்டர் மதுரையிலிருந்து வந்தது. அருளப்பன் இன்ஜினைச் சேர்த்தான். வண்டி இரண்டு நாள் அவன் கடை வாசலில் நின்றது. ஸ்டார்ட் செய்வான், கேட்பான், நிறுத்துவான், ஆறவிடுவான். ஒவ்வொரு தடவை அந்தச் சத்தம் கேட்கும்போதும் நான் வேலையை விட்டுவிட்டு ரோட்டுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். கமலம் வாசலில் வந்து நின்று, எதிர்க்கடையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

மூன்றாம் நாள் காலை டாக்டர் வந்து வண்டியை எடுத்தார். தனியாக எடுக்கவில்லை. பின்னால் அவர் மனைவி, பெட்ரோல் டாங்கி மேல் மூன்று வயது மகள். என் கடையைத் தாண்டும்போது, "என்ன தங்கவேலு! மாமனார் வீட்டுக்கு, எட்டயபுரத்துக்குப் போறோம்" என்று கத்திச் சொல்லிவிட்டுப் போனார். அந்தக் குழந்தை இரண்டு கையாலும் டாங்கி மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

கடையில் வேலை முடிந்து நின்றது ஒரு வக்கீல் குமாஸ்தாவின் ஸ்கூட்டர் மட்டும்தான். அதை உதைத்துக் கிளப்பினேன். ஓட்டமாக ஓடினால் அதைவிடச் சீக்கிரம் போயிருக்கலாம் போல இருந்தது. எதிரே வந்த ஒவ்வொரு லாரியின் சக்கரத்தையும் பார்த்துக்கொண்டே போனேன். சாமியிடம் என்ன வேண்டினேன் தெரியுமா? தப்பு முழுக்க என்மேல் விழட்டும் என்று வேண்டவில்லை. யாருக்கும் தெரியாமல் இது முடிந்துவிட வேண்டும் என்றுதான் வேண்டினேன். இதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

பந்தல்குடிக்கு இந்தப் பக்கம், குழந்தைக்குத் தண்ணீர் கொடுப்பதற்காக டாக்டர் நிறுத்தியிருந்தார். ஸ்கூட்டரைக் கீழே போட்டுவிட்டு ஓடி, இன்ஜினில் கை வைத்தேன். சூடு இருந்தது, மிஞ்சிய சூடு இல்லை. பிளக்கைக் கழற்றிவிட்டு, கிக்கரைக் கையால் அழுத்தினேன். இறுக்கம் துளியும் இல்லை. வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி இறங்கியது. இரண்டு தௌ விட்ட இன்ஜின் இத்தனை மைல் ஓடிய பிறகு இப்படி இறங்காது.

"என்ன தங்கவேலு, என்னாச்சு?" என்றார் டாக்டர்.

"செயின் தொங்குன மாதிரி தெரிஞ்சுச்சு டாக்டர்."

"அருளப்பன் மாட்டுன செயினப் பாக்கவா ஸ்கூட்டர்ல வெரட்டிட்டு வந்தீரு?" என்று அவர் விழுந்து விழுந்து சிரித்தார். குழந்தையும் ஏனென்று தெரியாமல் சிரித்தது. அவர்கள் எட்டயபுரம் போய்ச் சேர்ந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

நான் திரும்பி வந்தபோது அருளப்பன் என் கடைக்குள் சுவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். கமலம் உள்வாசல் நிலையில் நின்றாள்.

"அண்ணாச்சி, ஒங்ககிட்ட ஒரு விசயம் சொல்லணும்னு இருந்தேன். தப்பா நெனைக்காதீக. பிஸ்டன் சந்து ரெண்டுன்னு எழுதிருக்கீக. பழைய பிஸ்டன்ல உரசுன தடத்தப் பாத்தா அது சரியாப் படல எனக்கு. லேத்துல நாலு விடச் சொல்லிட்டேன். எழுதும்போது கை தவறிருக்கும். நீங்க இதப் பாத்து யாரு வண்டிக்கும் மாட்டிப்புடாதீக. அதச் சொல்லத்தான் வந்தேன்."

நாலு. புத்தகத்தில் அச்சடித்திருந்ததும் நாலுதான். குழந்தை பிழைத்த நிம்மதி எனக்கு ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை. நான் இரண்டு வருடம் அலைந்து வாங்கியதை இவன் ஒரு தேய்ந்த பிஸ்டனைப் பார்த்துச் சொல்லிவிட்டானே என்று மறுபடி வயிறு எரிந்தது. அந்த நிமிடத்திலும் எரிந்தது என்பதுதான் வெட்கம்.

"ஆமா தம்பி, கை தவறிருச்சு" என்றேன்.

கமலம் உள்ளே வந்தாள். பெட்டியைத் திறந்து, புத்தகத்தை எடுத்து, அளவுகள் இருந்த பக்கத்தைப் பிரித்து அருளப்பன் கையில் கொடுத்தாள். "பாருங்க தம்பி" என்றாள். என் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

அவன் ஒரு விரலைப் புத்தகத்திலும் ஒரு விரலைச் சுவரிலும் வைத்து, வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனான். மூன்றாவது வரியில் விரல் நின்றது. பிறகு வேகமாகக் கடைசி வரை போனான். புத்தகத்தை மூடிக் கமலத்திடமே இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தான்.

"டாக்டர் பின்னாடி இப்ப எதுக்கு அண்ணாச்சி போனீக?"

"நிறுத்தத்தான் தம்பி" என்றேன். அதையாவது சொல்லிவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னப் பெருமை. ஓடிப் போனேனே, ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு விழுந்தடித்துப் போனேனே, அதற்காவது ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் கோபப்படவில்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம் தன் கடை வாசலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"வண்டி ரெண்டு நாளா அங்கனதான நின்னுச்சு அண்ணாச்சி?" என்றான்.